முஸ்தாக் சேர் செவிமடுத்த வருஷம்

ஏ.எல்.எம். முஸ்தாக் சேருக்கும் அல்லாஹ் எல்லோருக்கும் போல இரண்டு காதுகளைத்தான் கொடுத்திருந்தான். ஆனால் அவை கண்ணாடியைத் தாங்குவதற்காக மட்டும் வைக்கப்பட்டவை என்று சாய்ந்தமருதில் ஒரு பேச்சு உண்டு. ஊர் வாய் பொல்லாதது. என்றாலும் சில வேளைகளில் அது உண்மையும் பேசிவிடும்.

சேர் ஆசிரிய ஆலோசகர். வகுப்பில் நின்று படிப்பிக்கிற கரைச்சலிலிருந்து விடுபட்டு, படிப்பிக்கிறவர்களுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று சொல்லிக்கொண்டு திரிகிற உத்தியோகம். இப்படியொரு பதவி ஏற்கனவே இல்லாதிருந்தால் அரசாங்கம் அவருக்காகவே ஒன்றை உண்டாக்கியிருக்க வேண்டும். கூட்டமென்றால் மைக் அவரைத் தேடி வரும். வராவிட்டால் இவர் எழுந்து போய் அதைக் கூட்டிக்கொண்டு வருவார். சாவு நடந்த மையித்து வீட்டுக்குப் போனால் பொறுமையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். அந்த வீட்டாருக்கு மிச்சமிருந்த பொறுமையும் அத்தோடு தீர்ந்துவிடும்.

இந்தக் கரையோர ஊர்களில் ஆம்பிளைக்கு வீடு கிடையாது. வீடு பெண்பிள்ளைக்கு. தாய் தகப்பன் கட்டியோ, தாங்கள் இருக்கிற வீட்டை எழுதியோ கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். முஸ்தாக் சேரும் அப்படித்தான் நிந்தவூரிலிருந்து ஒரு சூட்கேசோடும் ஒரு குடையோடும் நஸீறாவின் வீட்டுக்கு வந்தவர். குடை முதல் மாரியிலேயே காற்றோடு போய்விட்டது. சூட்கேஸ் இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. பிறகு மேல்மாடி எழும்பியது, நஸீறா முன்னறையில் இருந்து அபாயா தைத்த காசில். மாடி எழும்பிய கையோடு சேர் செய்த முக்கியமான வேலை, கேற்றில் ஒரு பளிங்குக் கல் பதித்து அதில் தன் பெயரையும் பட்டத்தையும் பொறித்ததுதான். ஆக, வீட்டு உறுதிப் பத்திரத்தில் நஸீறாவின் பெயர், கேற்றில் முஸ்தாக் சேரின் பெயர். தெருவில் போகிறவர்கள் உறுதியை வாசிப்பதில்லையே.

டிசம்பர் கடைசியில் அலுவலர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. அப்ராஸ் என்ற இளம் பயிற்றுநர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். புது வருஷத்துக்கு முழ நீளத்துக்குத் தீர்மானம் எடுத்து மாசி மாதத்தில் எல்லாவற்றையும் காற்றில் விடுவதைவிட, ஒரேயொரு சொல்லைத் தெரிவுசெய்து வருஷம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மனிதன் வளர்வான் என்பது அவருடைய பாடம். எல்லோரும் ஆளுக்கொரு சொல் எழுத வேண்டும். பாதிப் பேர் யோசிக்காமல் 'பொறுமை' என்று எழுதினார்கள். 'நேரம் தவறாமை' என்று எழுதியவர் தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்.

அப்போது பின் வரிசையிலிருந்து யாரோ, "சேர், ஜனவரி எங்கட வருசப் பொறப்பு இல்லியே? எங்களுக்கு முஹர்றம்தானே?" என்று கேட்டுவிட்டார். கேட்டவருக்கு மறுமொழி சொல்லப் பயிற்றுநர் வாயைத் திறந்தார். ஆனால் மைக் அதற்குள் முஸ்தாக் சேரின் கையில் இருந்தது. சேர் ஹிஜ்ரத்திலிருந்து தொடங்கினார். பிறை பார்த்தலுக்கு வந்தார். அங்கிருந்து உரோமாபுரிக்குப் போய் அரசர்கள் மாதங்களைக் கூட்டிக் குறைத்த கதையைச் சொல்லி, திரும்பி வருகிற வழியில் நமது கல்வி முறையின் சீரழிவையும் ஒரு பிடி பிடித்தார். பகல் சாப்பாட்டுப் பார்சல்கள் வாசலில் ஆறிக்கொண்டிருந்தன.

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அப்ராஸ் மெதுவாகச் சொன்னார்: "சேர், நீங்க 'செவிமடுத்தல்' எண்ட சொல்ல எடுத்தா என்ன?"

மண்டபம் அதிரச் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. மேசையைத் தட்டினவர்களும் உண்டு. முஸ்தாக் சேர் நெஞ்சில் கை வைத்து மூன்று பக்கமும் திரும்பி நன்றி சொன்னார். இவ்வளவு பேரில் தனக்கு மட்டும் பயிற்றுநர் தன் வாயால் ஒரு சொல்லைத் தெரிவுசெய்து தந்திருக்கிறார் என்றால் அதிலே ஏதோ இருக்கத்தான் வேண்டும். அந்த மகிழ்ச்சியில் ஆறிப்போன புரியாணியும் அவருக்கு ருசித்தது.

அன்றிரவே வட்ஸ்அப் முகப்பில் அவருடைய படம் போய் 'செவிமடுத்தல்' வந்தது. நாலு நாளில் அதே சொல் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, வீட்டு மண்டபத்தில் மணிக்கூட்டுக்குக் கீழே தொங்கியது. பட்டறையில் கொடுத்த தாளை அவர் மனப்பாடம் செய்தார். பேசுகிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், தலையாட்ட வேண்டும், அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் தன்னை விளங்கிக்கொண்டார்கள் என்று அவர் மனம் குளிரும். சொன்னதைக் காதில் வாங்க வேண்டும் என்று அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்தானே என்று எழுதாமல் விட்டிருப்பார்கள்.

முதல் பரீட்சை மீன்காரரிடம் நடந்தது. கேற்றடியில் சைக்கிளை நிறுத்தி, "இண்டைக்கி மீன் வெல ஏறிட்டு சேர்" என்றார் அவர். சேர் அவருடைய கண்ணை உற்றுப் பார்த்தார். தலையாட்டினார். "மீன் விலை ஏறியது உங்களுக்குக் கவலையாக இருக்கிறது" என்றார்.

"எனக்கென்ன கவல சேர்? விக்கிற எனக்குச் சந்தோசம்தான். வாங்குற உங்களுக்குத்தான் கவல."

"விளங்குது" என்றார் சேர்.

பிறகு பாடசாலைகள். செவிமடுத்தலைப் பற்றி உரையாற்ற அவரை அழைத்தார்கள். அழைக்காத இடங்களுக்கும் போனார். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்து, அதிகம் பேசுவதால் வரும் தீமைகளை மணிக்கணக்கில் எடுத்துச் சொன்னார். ஓரிடத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. அதைத் தன் பேச்சின் ஆழம் என்று சேர் எடுத்துக்கொண்டார்.

ஜும்ஆவில்தான் விஷயம் கொஞ்சம் பிசகிவிட்டது. குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்திலிருப்பவனைப் பார்த்து 'பேசாதே' என்று சொன்னாலும் சொன்னவனுடைய நன்மை போய்விடும். இது மத்ரஸாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன் ஸப்பு வரிசையில் இரண்டு இளைஞர்கள் குசுகுசுத்தார்கள். சேருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய சொல்லுக்கே வந்த அவமானமல்லவா? "தம்பிமாரே, செவிமடுங்க!" என்று மைக் இல்லாமலே பள்ளிவாசல் முழுக்கக் கேட்கச் சொன்னார். கதீப் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தார். தொழுகை முடிந்து வெளியே வந்தால் செருப்பு வைக்கிற இடத்தில் ஒரே சிரிப்பு. "சேர், அவனுகள்ட நன்மைய காப்பாத்தப் போய் உங்கட ஜும்ஆவ உட்டுட்டீங்களே!" சேர் அங்கேயே நின்று, எண்ணமே செயலின் அடிப்படை என்று நீண்ட விளக்கம் கொடுத்தார். கேட்டு முடிக்க ஒருவரும் நிற்கவில்லை.

இதெல்லாம் வெளியில் நடந்த கூத்து. வீட்டில் நடந்தது வேறு.

மகள் அஸ்னாவுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை சரிவந்திருந்தது. ஹிஷாம் என்று பெயர். நல்ல பிள்ளை, அஸ்னாவுக்கும் பிடித்துக்கொண்டது. நோன்புப் பெருநாள் கழிந்து காவின் எழுதி நிக்காஹ் முடிப்பதாகப் பேச்சு. வழமைப்படி வீட்டை மகளுக்கு எழுத வேண்டும். நஸீறா அதற்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு இருந்தது ஒரேயொரு கவலை. அதை அவள் கணவரிடம் சொல்ல வந்தபோது சேர் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, கதிரையை அவள் பக்கம் திருப்பி, கண்ணைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. பாவம், அவளும் நம்பிவிட்டாள்.

"இஞ்ச பாருங்க. ஊட்ட புள்ளக்கி எழுதுறதுல எனக்கு ஒரு மனக்கொறையும் இல்ல. ஆனா நான் மௌத்தாகுற வரைக்கும் இந்த ஊட்டுல இரிக்கிற உரித்து என்ட பேருக்கு இரிக்கணும். உறுதியில அப்பிடி எழுதலாமாம், சீவிய உரித்து எண்டு. மத்தது, இந்த முன்னறை. அது என்ட தையலுக்கு வேணும். மாப்புள ஊட்டாக்கள் வரக்குள்ள இத நீங்க சொல்லிருங்க."

"சீவிய உரித்து வேண்டும் என்று நீ உணர்கிறாய்" என்றார் சேர்.

"உணரல்ல. வேணும் எண்டு சொல்றன்."

"விளங்குது."

நஸீறா ஒரு முறை வாசலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "உம்மா எனக்கு இந்த ஊட்ட எழுதித் தந்துட்டு பின்னால அறைக்குப் போனாவா, இல்லியா? கடைசிக் காலத்துல தேத்தண்ணி வெக்க வாறதுக்கு குசினி வாசல்ல நிண்டு, 'வரவா மகள்?' எண்டு கேப்பா. அவ சமைச்ச குசினி அது. நானும் 'வாங்க உம்மா' எண்டுதான் சொன்னன். கேக்காம வாங்க எண்டு ஒரு நாளும் சொல்லல்ல. அஸ்னா நல்ல புள்ளதான். நானும் நல்ல புள்ளதானே? என்னால ஏலா, அந்த வாசல்ல நிண்டு கேக்க."

சேரின் தலை சீராக ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் நிந்தவூர்ப் பாடசாலையில் ஆற்றப்போகிற உரைக்கு ஒரு நல்ல தொடக்கம் அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்குப் புலப்பட்டது. "குசினி உனக்கு முக்கியம்" என்று சொல்லிவிட்டு, மறந்துபோகும் முன் அதை ஃபோனில் பதிந்துகொண்டார்.

அவள் பிறகும் சொன்னாள். சோறு போடும்போது சொன்னாள், சுபஹுத் தொழுகைக்கு எழுப்பும்போது சொன்னாள், மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து அவர் காதுக்குள்ளேயே சொன்னாள். ஒவ்வொரு முறையும் தலையாட்டலும் 'விளங்குது'வும் தவறாமல் கிடைத்தன. முன்பெல்லாம் சேர், "சும்மா இரி நஸீறா, எனக்கு வேல இரிக்கி" என்று எரிந்து விழுவார்; அப்போது அவர் கேட்கவில்லை என்பதாவது அவளுக்குத் தெரியும். இப்போது அந்தத் தெளிவும் இல்லை.

ஜனவரி முடிகிற ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முடிக்க வந்தார்கள். ஹிஷாமின் வாப்பா முகம்மது தம்பி நெல் வயலும் நெல்லுக் குற்றும் மில்லும் உள்ள மனிதர். கதையில் சுற்றி வளைப்பு இல்லை. ஆம்பிளைகள் மண்டபத்தில், பெண்கள் திரைக்கு உள்ளே. வீடு திரைக்கு உள்ளே இருக்கிறவளுடையது. அதைப் பற்றிய பேச்சு மட்டும் வெளியே இருக்கிறவர்களுடையது. இதிலே என்ன வேடிக்கை இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, பழகிப்போன வேடிக்கை.

கல்யாணப் பேச்சில் பெண்ணின் வாப்பா ஒரு நிபந்தனையைப் பிடிக்காவிட்டால் தொண்டையைச் செருமுவார். மேலே பார்ப்பார். 'அத மறுகா பாப்பமே' என்று இழுப்பார். அவர் தலையாட்டி, சொன்னதைத் திருப்பியும் சொல்லிவிட்டாரென்றால் அத்தோடு விஷயம் முடிந்தது. சபை 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லிவிடும். இது முஸ்தாக் சேருக்குத் தெரியாததல்ல. எத்தனையோ பேருடைய கல்யாணப் பேச்சில் அவர் நடுவில் இருந்தவர். ஆனால் அன்று அவர் பெண்ணின் வாப்பாவாக வந்து உட்காரவில்லை. செவிமடுப்பவராக உட்கார்ந்திருந்தார்.

"சேர், ஊட்ட காவினுக்கு முந்தி முழுசா புள்ளட பேருக்கு எழுதி முடிச்சிருவம்" என்றார் முகம்மது தம்பி.

சேர் அவருடைய கண்ணைப் பார்த்தார். "காவினுக்கு முந்தி முழுசா புள்ளட பேருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது சபை.

"மகனுக்கு ஊட்டுல இருந்து செய்யிற கொம்பியூட்டர் வேலயும் இரிக்கி. இந்த முன்னறைய அவனுக்கு உட்டுக் குடுத்தா நல்லம்."

"முன்னறைய அவருக்கு உட்டுக் குடுக்கிற."

"அல்ஹம்துலில்லாஹ்."

"உங்க ரெண்டு பேருக்கும் பின்னால ஒரு அறையும் பாத்ரூமும் போட்டா காணும்தானே? ஊரு ஒலகத்துல நடக்கிறதுதானே?"

"பின்னால ஒரு அறையும் பாத்ரூமும்" என்ற முஸ்தாக் சேர் நெஞ்சில் கை வைத்து, "விளங்குது" என்று முடித்தார்.

கூட வந்திருந்த மௌலவி கையை ஏந்தி துஆ ஓதினார். திரைக்குப் பின்னால் வட்டிலப்பத் தட்டைப் பிடித்தபடி நின்ற நஸீறா ஆமீன் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அஸ்னா உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். வந்தவர்கள் வட்டிலப்பத்தைப் புகழ்ந்தார்கள். இப்படி ஒரு தன்மையான சம்பந்தி எங்கள் ஊரிலேயே கிடையாது என்று வேனில் ஏறும்போது முகம்மது தம்பி சொன்னார். அது மெய்யாகவே இருக்கும்.

வேன் தெருமுனை திரும்பியதும் சேர் உள்ளே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா நஸீறா? ஒரு சத்தம் இல்ல, சண்ட இல்ல. எல்லாம் செவிமடுத்ததால வந்த பறக்கத்து."

"என்னத்தச் செவிமடுத்தீங்க?"

"எல்லாத்தயும்தான்."

"நான் சொன்னது?"

"நீ சொன்னதுந்தான். நீ என்ன சொன்னாய்…" என்று தொடங்கிய சேர், சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். இஷாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது நல்லதாகப் போயிற்று.

அன்றிலிருந்து நஸீறா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. உறுதி எழுதுகிற தேதி கேட்டாள், அவ்வளவுதான். வீடு நிசப்தமாயிற்று. முஸ்தாக் சேர் அதைத் தன் சொல்லின் வெற்றியாகவே கண்டார். ஒரு மனிதன் செவிமடுக்கத் தொடங்கினால் மனைவிக்குக் குறை சொல்ல ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது என்று அடுத்த பாடசாலையில் உதாரணம் காட்டியும் பேசினார். ஆசிரியைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நோன்புக்கு முந்திய கிழமை கல்முனையில் சட்டத்தரணி சுதனின் அலுவலகத்தில் கூடினார்கள். சுதன் உறுதி எழுதுகிற நொத்தாரிசும் கூட. சேரும் நஸீறாவும் அஸ்னாவும் ஒரு பக்கம், முகம்மது தம்பியும் அவருடைய மனைவி ஜுனைதாவும் மறுபக்கம். சாட்சிக்கு இரண்டு பேர் வாசலில். சுதன் வரைவை எடுத்து வைத்துக்கொண்டு, "ஆதனத்தக் குடுக்கிறது யார்?" என்று கேட்டார்.

"அதாவது இந்த ஆதனம் எங்களுக்கு…" என்று சேர் எழுந்தார்.

"சேர், இருங்க. உறுதி உங்கட பெயரில இல்ல." சுதன் நஸீறாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, குடுக்கிற ஆள் நீங்கதான். உங்கட வாயாலதான் சொல்ல வேணும். என்ன மாதிரி எழுதுற?"

உட்காரச் சொன்னதற்காகக் கோபித்துக்கொள்ளலாமா என்று சேர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நஸீறா பேசத் தொடங்கிவிட்டாள்.

"மகளுக்குத்தான் எழுதுறன், தம்பி. ஆனா சீவிய உரித்த வெச்சி எழுதுங்க. நான் மௌத்தாகுற வரைக்கும் அந்த ஊட்டுல எந்த மூலையிலயும் இருக்க எனக்கு உரித்து இரிக்கணும். அதுக்குப் பொறகு முழுசா அவளுக்கு. முன்னறை என்ட தையலுக்கு. மாப்புளட வேலைக்கி மேல்மாடில காத்தோட்டமான அறை இரிக்கி. இப்பிடி எழுதுறதெண்டா இப்ப ஒப்பம் வெக்கிறன். இல்லாட்டி ஏலா."

அஸ்னா உம்மாவின் அபாயா விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பேச்சோடு கல்யாணம் போனாலும் போகும் என்பது அவளுக்கும் விளங்கியது. என்றாலும் பிடியை விடவில்லை.

முகம்மது தம்பியின் முகம் கறுத்தது. "இது என்ன கத? அண்டைக்கிச் சபையில எல்லாம் சம்மதிச்சதுதானே? சேர்ட வாயாலதானே ஒவ்வொண்டா சொன்னாரு?"

"அவரு சம்மதிக்கல்ல காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் நஸீறா. "நீங்க சொன்னத உங்களுக்கே திருப்பிச் சொன்ன. இந்த வருசம் அவருக்கு அதான் பழக்கம். மீன்காரனுக்கும் அப்பிடித்தான், எனக்கும் அப்பிடித்தான். நீங்க அவர்ட மண்டையக் கேட்டிருந்தாலும் 'மண்டைய உங்களுக்கு' எண்டுதான் சொல்லியிருப்பாரு."

சாட்சிக்காரர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். முஸ்தாக் சேர் வாயைத் திறந்தார். சொல்ல அவருக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். இப்போது தேடிப் பார்த்தார். ஒன்றும் இருக்கவில்லை.

"நாங்க எழும்புவம்" என்று முகம்மது தம்பி கதிரையைத் தள்ளினார். ஆனால் பக்கத்தில் இருந்த ஜுனைதா எழும்பவில்லை. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனுசி அவர்.

"இருங்க" என்றார் ஜுனைதா கணவரைப் பார்த்து. "நாமளும் மூத்த மகளுக்கு எழுதிக் குடுத்துட்டுப் பின்னறையிலதானே கிடக்கம். நேத்து அரிசி கழுவ தண்ணி புடிக்கிறதுக்கு யார்ட்டக் கேட்டன் எண்டு சொல்லவா? இவ சொல்றது செரி. அப்பிடியே எழுதட்டும்."

முகம்மது தம்பி எழும்பின பாதியில் நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். "செரி, எழுதுங்க" என்று மட்டும் சொன்னார். அஸ்னா அழுதாள். ஜுனைதா கையை நீட்டி அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

சுதன் வரைவில் திருத்தத் தொடங்கினார். எழுதிக்கொண்டு போனவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"ஒரு விசயம், அக்கா. சீவிய உரித்து உங்களுக்கு மட்டுமா? இல்லாட்டி சேரின்ட பெயரையும் சேர்த்து ரெண்டு பேருக்குமா? உங்களுக்கு ஒண்டு நடந்தா பிறகு சேர் அங்க இருக்கிறதுக்கு அது எழுத்தில இருக்க வேணும்."

கேட்டது சாதாரணக் கேள்விதான். நொத்தாரிசு என்றால் எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனால் அந்த இடத்தில்தான் ஏ.எல்.எம். முஸ்தாக் சேருக்கு முதன்முதலாகக் கணக்கு விளங்கியது. அலுமாரிக்கு மேலே இருக்கிற சூட்கேஸைத் தவிர அந்த வீட்டில் அவருடையது என்று ஒன்றும் இல்லை. ஒரு வாயும் வைத்திருந்தார். அதைக் கொண்டு வீட்டுக்குப் பின்னால் மனைவிக்கு ஒரு அறையும் பாத்ரூமும் கட்டச் சம்மதித்துவிட்டு வந்திருக்கிறார். இனி அவர் எங்கே இருப்பது என்பது அவளுடைய வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில் இருக்கிறது.

அவர் கதிரையின் நுனிக்கு வந்தார். கண்ணைப் பார்க்க வேண்டும் என்ற விதி நினைவுக்கு வரவில்லை. அவளுடைய உதட்டைத்தான் பார்த்தார். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது, யாரோ கதவைத் தட்டினார்கள், எதுவும் அவருக்குள் போகவில்லை. நஸீறா மூச்சு எடுக்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பயமாக இருந்தது அவருக்கு. வெட்கத்தைவிடப் பயம்தான் கூட.

நஸீறா அவர் பக்கம் திரும்பி, நீண்ட நேரம் பார்த்தாள்.

"அத எழுதாம விடுங்க தம்பி" என்றாள். "நோன்புக்குள்ள யோசிச்சிச் சொல்றன். ஒப்பத்த அதுக்குப் பொறகு வெப்பம்."

திரும்பி வரும்போது மூவரும் ஆட்டோவில் வந்தார்கள். நஸீறா நல்ல மனநிலையில் இருந்தாள். அபாயாத் துணி எடுக்க மருதமுனைக்குப் போக வேண்டும் என்றாள், தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட வேண்டும் என்றாள், நோன்புக் கஞ்சிக்கு இந்த முறை எந்த அரிசி நல்லது என்று அஸ்னாவிடம் கேட்டாள், சம்பந்தி ஜுனைதாவை ஒருநாள் வரச்சொல்லி நல்ல சாப்பாடு ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்றாள். முஸ்தாக் சேர் ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். வீடு வந்து சேரும்வரைக்கும் ஒன்றிலும் அவருடைய பெயர் வரவில்லை.